'லெனின் கொடுத்தார்' என்று எழுதும் தோழர்களுக்கு

அன்புள்ள தோழர்களே,

டிசம்பர் வந்தால் போதும், "பின்லாந்துக்கு விடுதலை கொடுத்தவர் லெனின்" என்று எழுதிவிடுகிறீர்கள். தேசிய இனங்களின் சுயநிர்ணய உரிமைக்கு அதுதான் நம் கைவசமுள்ள சான்று. நானும் பல வருடம் அப்படியே சொல்லித் திரிந்தவன்தான். இப்போது அந்தக் 'கொடுத்தார்' என்ற சொல் உறுத்துகிறது.

ரஷ்ய ஆட்சியின் கீழ் இருந்த பின்லாந்தின் நாடாளுமன்றம் 1917 ஜூலையிலேயே, உள்நாட்டு ஆட்சியில் தனக்கே முழு அதிகாரம் என்று சட்டம் போட்டது. முன்நின்றவர்கள் அங்கிருந்த சமூக ஜனநாயகவாதிகள். ஜார் ஆட்சி வீழ்ந்தபின் வந்த ரஷ்ய இடைக்கால அரசோ அந்த நாடாளுமன்றத்தையே கலைத்தது. டிசம்பர் 6 அன்று புதிய நாடாளுமன்றம் ஆதரவு 100, எதிர்ப்பு 88 என்ற வாக்குக் கணக்கில் விடுதலையை அறிவித்தது. அந்த 88 பேரும் விடுதலையை வேண்டாம் என்றவர்கள் அல்லர்; ரஷ்யாவோடு பேசிப் பெறலாம் என்றவர்கள். "முதலில் ரஷ்யா ஒத்துக்கொள்ளட்டும்" என்று மற்ற நாடுகள் கைவிரித்த பிறகுதான் பின்லாந்து அரசின் தலைவர் ஸ்வின்ஹுவுட் ரஷ்யத் தலைநகர் பெட்ரோகிராடுக்குப் போய், இடைக்கால அரசைக் கவிழ்த்து ஆட்சிக்கு வந்திருந்த லெனினின் தலைமையகமான ஸ்மோல்னியில் காத்திருந்தார். லெனின் கையெழுத்திட்டது டிசம்பர் 31 இரவு. பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டதை ஏற்றுக்கொண்ட கையெழுத்து அது.

சொல்லில் என்ன இருக்கிறது என்பீர்கள். கொடுத்தவருக்குத் திருப்பி வாங்கவும் உரிமை உண்டு என்று ஆகிவிடுகிறதே! 1939 நவம்பர் 30 அன்று சோவியத் செம்படை பின்லாந்து எல்லையைத் தாண்டியது. மறுநாளே எல்லையோர ஊரான டெரியோக்கியில் மாஸ்கோவில் இருந்த பின்லாந்து கம்யூனிஸ்ட் ஓட்டோ குசினன் தலைமையில் ஒரு 'பின்லாந்து அரசு' முளைத்தது. அதோடு உடன்படிக்கையும் போட்டுவிட்டு, "பின்லாந்தோடு எங்களுக்குப் போரே இல்லை" என்றது மாஸ்கோ. 3,970 சதுர கிலோமீட்டர் வாங்கிக்கொண்டு சோவியத் பக்கமிருந்த கரேலியாவில் 70,000 சதுர கிலோமீட்டர் தருவதாகவும் எழுதினார்கள். தாராளம்தான், தன் கையாளுக்கே! 1940 மார்ச்சில் போர் முடிந்தபோது பின்லாந்தின் வீபுரி நகரும் சோவியத் வசம் போய், நாலு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு விட்டு வெளியேறியிருந்தார்கள்.

சரி, எதிர்த்தரப்பான பின்லாந்துக்காரர்களும் சுத்தமில்லை. வீபுரி ஆதியிலிருந்தே பின்லாந்தின் ஊர் என்பார்கள். 1293இல் அங்கே கோட்டை கட்டியவர்கள் சுவீடன்காரர்கள். 1710இல் பிடித்தவர் ஜார் பீட்டர். 1812இல் அதைப் பின்லாந்தோடு சேர்த்தவர் ஜார் அலெக்சாண்டர். அங்கேயும் ஒரு 'கொடுத்தார்' ஒளிந்திருக்கிறது. 1941இல் பின்லாந்துப் படை பழைய எல்லையைத் தாண்டி சோவியத் கரேலியாவின் தலைநகர் பெட்ரோசவோட்ஸ்க் வரை போய், ஊருக்குப் பெயர் மாற்றி, ரஷ்யக் குடிமக்களை முகாம்களில் அடைத்தது. ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள்.

அடுத்த டிசம்பரில் 'அங்கீகரித்தார்' என்று எழுதுங்கள். அப்புறம், டெரியோக்கி பற்றி ஒரு வரியாவது சேருங்கள். அந்த ஊர் இன்று செலெனகோர்ஸ்க் என்ற பெயரில் ரஷ்யாவில் இருக்கிறது.

தோழமையுடன்,
உங்கள் பழைய வாசகன்