தொட்டியின் அடியில் இருக்கும் எண்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து, காலையில் மறுபடியும் நிழல்வலைக்குள் ஒரு சுற்று நடந்து வருகிறீர்கள் என்று படித்ததும் மனதுக்கு நிம்மதியாக இருந்தது. புதிதாக வாங்கவிருக்கும் செடித் தொட்டிகளில் "மறுசுழற்சி செய்யத்தக்கது" என்று அச்சிட்டிருக்கிறார்களே, நம்பி வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு ஒரே வரியில் பதில் எழுத என்னால் முடியவில்லை. இந்தப் பருவத்தில் எங்கள் பண்ணையில் நடந்ததைச் சொன்னால் என் தயக்கம் உங்களுக்குப் புரியும்.

கொட்டகையின் பின்புறம் பல ஆண்டுகளாக அடுக்கி வைத்திருந்த கறுப்புத் தொட்டிகளை ஒரு வண்டி நிறைய ஏற்றி மறுசுழற்சி நிலையம் ஒன்றுக்கு அனுப்பினோம். அவற்றில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ள இயலாது என்று சொல்லிவிட்டார்கள். காரணம் தெரிந்துகொள்ள நானே நேரில் போனேன். அங்கே ஓடும் பட்டையின் மீது கழிவுகள் பரவலாக வர, மேலிருந்து அகச்சிவப்பை ஒட்டிய ஒளி அவற்றின் மீது விழுகிறது. திரும்பி வரும் ஒளியைக் கொண்டு இது எந்த வகைப் பிளாஸ்டிக் என்று கருவி கண்டுகொண்டு, காற்றைப் பீய்ச்சி அந்தந்தக் குவியலுக்குத் தள்ளுகிறது. நம் தொட்டிகளுக்குக் கறுப்பு நிறம் தருவது கரித்துகள். அது அந்த ஒளி முழுவதையும் விழுங்கிவிடுவதால் கருவிக்குத் தொட்டி இருப்பதே தெரிவதில்லை. ஒரு மஞ்சள் கிண்ணம் துள்ளி விழுந்த இடத்தில் எங்கள் தொட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டையின் கடைசிவரை போய்க் குப்பைக் குழிக்குள் விழுந்ததைப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே நெஞ்சு கனத்தது. அவை அனைத்தும் பாலிப்ரொப்பிலீன் என்ற நல்ல பிளாஸ்டிக்.

கறுப்பை நாம் காரணமில்லாமல் தேர்ந்தெடுக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். வெயிலில் பிளாஸ்டிக் நொறுங்காமல் கரித்துகள் காக்கிறது; வேருக்கு ஒளி படாமல் மறைக்கிறது; எல்லாவற்றுக்கும் மேலாக, பல நிறப் பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் சேர்த்தால் வரும் அழுக்கு நிறத்தை மூடி மறைக்க அதைவிட எளிய வழி இல்லை. அதாவது, மறுசுழற்சியிலிருந்து பிறந்த தொட்டியே மறுபடி மறுசுழற்சிக்குள் நுழைய முடியாமல் நின்றுவிடுகிறது. பிரிட்டனில் தோட்டக்கலை வணிகத்தினர் 2018-ஆம் ஆண்டிலிருந்து சாம்பல் கலந்த பழுப்பு நிறத் தொட்டிகளுக்கு மாறத் தொடங்கியதன் காரணம் இதுதான். அந்த நிறத்தைக் கருவி காண்கிறது; பழைய பிளாஸ்டிக்கையும் அதில் கலக்க முடிகிறது. கருவிக்குத் தெரியும்படியான கறுப்புச் சாயங்களும் இப்போது இருக்கின்றன. வெளிர் நிறங்களுக்கு மட்டும் நான் போகமாட்டேன். மெல்லிய வெளிர் சுவர் வழியே ஒளி புகுந்து உட்புறம் பாசி பிடிக்கும்.

நிறம் சரியாகிவிட்டால் எல்லாம் முடிந்ததா என்றால், இல்லை. தொட்டியைக் கவிழ்த்து அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 5 என்றால் பாலிப்ரொப்பிலீன், 2 என்றால் அடர்த்தி மிகுந்த பாலித்தீன், 6 என்றால் பாலிஸ்டைரீன். உடைத்த துண்டுகளைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டால் பாலிஸ்டைரீன் மூழ்கிவிடும். மற்ற இரண்டும் மிதக்கும் என்பதால் அவற்றைத் தண்ணீரால் பிரிக்க இயலாது. ஆகவே தொட்டி, தட்டு, தொங்கவிடும் கொக்கி, பெயர்ச்சீட்டு ஆகிய எல்லாவற்றையும் ஒரே வகைப் பிளாஸ்டிக்கில் வாங்குவது, கழிவான பிறகு செய்ய வேண்டிய பாதி வேலையை முதலிலேயே செய்துவிடுவதாகும். பெயர்ச்சீட்டைப் பசை போட்டு ஒட்டுவதை நாங்கள் நிறுத்திவிட்டோம், தொட்டியில் நிரப்பும் மண் கலவைக்குள் செருகிவைக்கிறோம்.

அடுத்தது மண். திரும்பி வந்த குவியலிலிருந்து ஒரு தொட்டியை எடுத்துத் தராசில் வைத்தேன்: 59 கிராம். உள்ளே சுவரோடு வலைபோல ஒட்டியிருந்த காய்ந்த வேரையும், வடிகால் துளைகளில் இறுகிப்போயிருந்த கலவையையும் சுரண்டிக் கழுவிக் காயவைத்து மறுபடி நிறுத்தபோது 38 கிராம்தான் இருந்தது. இத்தனை மண்ணைச் சுமந்துவரும் பொருளை எந்த மறுசுழற்சியாளர் விரும்பி வாங்குவார்? குற்றம் அவர்களுடையது என்று அதுவரை நினைத்திருந்தேன். அன்றோடு அந்த நினைப்பை விட்டுவிட்டேன்.

இதனால் என் மனம் இப்போது மறுசுழற்சியைவிட மறுபயன்பாட்டின் பக்கமே அதிகம் சாய்கிறது. நோய் பரவும் என்ற உங்கள் அச்சம் நியாயமானதுதான். பித்தியம், பைட்டோப்தோரா போன்ற வேரழுகல் கிருமிகள் ஒட்டியிருக்கும் கலவையில் உயிரோடு இருந்து அடுத்த பயிரைத் தாக்கும். ஆனால் முதலில் நன்றாகக் கழுவிவிட்டு, பிறகு 60 டிகிரிக்குச் சற்று மேல் காற்று கலந்த நீராவியில் அரைமணி நேரம் வைத்தால் பெரும்பாலானவை அழிந்துவிடுகின்றன. பாலிப்ரொப்பிலீன் 160 டிகிரியை ஒட்டித்தான் உருகும் என்பதால் அந்தச் சூட்டை எளிதில் தாங்குகிறது. குளோரின் கரைசல் பயன்படுத்துவதானாலும் கழுவாமல் முக்காதீர்கள். மண்ணும் வேர்த்துணுக்கும் குளோரினைத் தின்றுவிடும், கிருமிக்கு எதுவும் மிஞ்சாது. கைபட்டாலே விளிம்பு கிழியும் மெல்லிய தொட்டியால் இது நடக்காது. கொஞ்சம் தடிப்பாக வாங்கி, பலமுறை பயன்படுத்தி, வெயிலில் வெடித்த பிறகே உருக்க அனுப்புவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. மொத்தமாக வாங்கும் வாடிக்கையாளர்களிடம் செடி இறக்கும் வண்டியிலேயே வெற்றுத் தொட்டிகளைத் திரும்ப ஏற்றிக்கொள்கிறோம்.

மக்கும் தொட்டிகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். காகிதமும் தென்னை நாரும் சில வாரங்களில் நடவுக்குப் போய்விடும் நாற்றுக்கு மிகவும் பொருத்தம். ஆனால் சுவர் வழியே ஈரம் சீக்கிரம் போய்விடுவதால் அடிக்கடி நீர் விட வேண்டும், ஓரிரண்டு ஆண்டு வளரும் மரக்கன்றுக்கு அவை தாங்கா. பாலிலாக்டிக் அமிலம் என்ற மக்கும் பிளாஸ்டிக்கில் செய்த தொட்டி கிட்டத்தட்ட 60 டிகிரிச் சூடு நீடிக்கும் பெரிய உர ஆலைகளில்தான் ஒழுங்காக மக்கும். தோட்டத்து எருக்குழியில் அப்படியே கிடக்கும், தவறிப் பிளாஸ்டிக் குவியலில் விழுந்தால் அதையும் கெடுக்கும்.

முன்பணம் கொடுக்கும் முன் மாதிரித் தொட்டி இரண்டு வாங்கிப் பாருங்கள். ஒன்றை நீராவியில் வைத்து விளிம்பு வளைகிறதா என்று பாருங்கள். மற்றொன்றை, உங்கள் கழிவை எடுக்கும் நிலையத்துக்கே கொண்டுபோய் அந்தப் பட்டையில் ஓடவிடச் சொல்லுங்கள். அதன் அடியில் இருக்கும் எண்ணையும் எனக்கு எழுதுங்கள். 5 என்றால் நாம் இருவரும் சேர்ந்தே ஒரே வகையாக வாங்கி, பழையவற்றை ஒரே வண்டியில் அனுப்பலாம்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்