பாட்டிலின் பின்பக்கத்தையும் படிக்கச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இணைப்பில் இப்போது வாங்கத் தகுந்த ஷாம்பெயின்கள் என்று ஒரு பட்டியல் வந்திருந்தது. அதிலிருந்த பெயர்கள் எல்லாமே நல்ல பெயர்கள்தான், ஒன்றைக்கூடக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெயர் மட்டும் போதாது. பயணிகள் கப்பல்களில் ஒயின் பரிமாறும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒரே நிறுவனம், ஒரே லேபிள், இரண்டு பாட்டில். ஒன்று துள்ளலாக இருக்கும், மற்றொன்று சோர்ந்து போயிருக்கும். இதை எத்தனையோ மேசைகளில் பார்த்திருக்கிறேன். காரணம் தெரியாத விருந்தினர் அந்த நிறுவனமே வேண்டாம் என்று ஒதுக்கிவிடுவார். அந்தக் காரணத்தை உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கடைக்கு வரும் ஷாம்பெயினில் பெரும்பகுதி லேபிளில் அறுவடை ஆண்டு குறிப்பிடாதது. ஓர் ஆண்டின் அறுவடையை அடிப்படையாக வைத்து, முந்தைய ஆண்டுகளில் சேமித்த ஒயினையும் சேர்த்துக் கலப்பார்கள். அந்தக் கலவை பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கும். ஈஸ்ட் வேலையை முடித்துவிட்டு வண்டலாகப் படியும். அந்த வண்டலோடு கிடக்கும் காலத்தில்தான் சுட்ட ரொட்டி மணமும் நாக்கில் வழுக்கும் மென்மையும் வருகின்றன. சட்டப்படி குறைந்தது 15 மாதம் நிலவறையில் இருக்க வேண்டும், அதில் 12 மாதம் வண்டலோடு. ஆண்டு குறிப்பிட்ட ஷாம்பெயினுக்கு 3 ஆண்டு. நல்ல நிறுவனங்கள் இதைவிட நிறையவே காத்திருக்கும். அப்புறம் வண்டலைப் பாட்டிலின் கழுத்துக்கு இறக்கி, உறையவைத்து, வெளியேற்றி, கொஞ்சம் சர்க்கரை கலந்த ஒயினை ஊற்றித் தக்கை அடிப்பார்கள்.

வண்டலை எடுத்த அந்தத் தேதிதான் நான் சொல்லவந்தது. வண்டல் உள்ளே இருக்கும்வரை அது ஆக்சிஜனை உறிஞ்சி ஒயினைப் பாதுகாக்கும். எடுத்த பிறகு ஒயின் வேறு வேகத்தில் மூப்படையும். எடுத்த கையோடு திறந்தால் சர்க்கரையும் ஒயினும் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாக நிற்கும். சில மாதம் பொறுத்தால் சரியாகிவிடும். ப்ரூட் எனப்படும் சர்க்கரை குறைந்த எளிய வகை ஒன்று வண்டல் எடுத்தபின் கடை அலமாரியில் பல வருடம் நின்றிருந்தால், அதை வாங்காமல் இருப்பதே நல்லது. இந்தத் தேதியை அச்சிட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் ரேம்ஸ் நகரத்து ஷாம்பெயின் தயாரிப்பாளர் ப்ருனோ பையார் 1983 முதல் அச்சிட்டு வருகிறார். வாங்குபவரை மதிக்கும் செயல் அது. க்ருக் நிறுவனத்துப் பாட்டிலின் பின்புறம் ஆறு இலக்க எண் இருக்கும். முதல் இலக்கம் ஆண்டின் எந்தக் காலாண்டு என்பதையும் அடுத்த இரண்டும் ஆண்டையும் குறிக்கும். 419 என்று தொடங்கினால் அது 2019-இன் கடைசிக் காலாண்டில் வண்டல் எடுத்த பாட்டில்.

இப்படித் திறந்த மனதோடு தகவல் தருபவர்களிடமிருந்தே முதலில் வாங்குங்கள் என்பேன். லூயி ரோடரர் தன் வழக்கமான ப்ரூட்டை நிறுத்திவிட்டு இப்போது எண் போட்ட 'கலெக்‌ஷன்' வரிசையை வெளியிடுகிறது. 1776-இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் எத்தனையாவது கலவை என்பதே அந்த எண். 242 என்றால் 2017 அறுவடை, 243 என்றால் 2018, 244 என்றால் 2019. மழையும் அழுகலும் கெடுத்த 2017-க்கும் நல்ல விளைச்சலான 2019-க்கும் உள்ள வேறுபாடு எண்ணிலேயே தெரிந்துவிடும். 244 கண்ணில் பட்டால் யோசிக்காமல் எடுங்கள். ஜாக்சோன் நிறுவனமும் இதே வழியில் செல்கிறது. 2000 அறுவடைக்கு 728 என்று தொடங்கி ஆண்டுக்கு ஒன்றாகக் கூட்டிக்கொண்டு வருகிறது. 740 என்றால் 2012. அது எனக்கு மிகவும் பிடித்த ஆண்டு. சார்ல்ஸ் ஹைட்சிக்கின் ப்ரூட் ரிசர்வ் பாட்டிலில் நிலவறைக்குள் வைத்த ஆண்டும் வண்டல் எடுத்த ஆண்டும் இரண்டுமே இருக்கும். பெரிய நிறுவனங்கள் ஆண்டு குறிப்பிடாமல் தரும் ஷாம்பெயின்களில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் அதைத்தான் கை காட்டுவேன். பழைய ஒயினைத் தாராளமாகச் சேர்த்துக் கலக்கிறார்கள், அந்தக் கனம் ஒவ்வொரு மிடறிலும் தெரியும்.

உங்கள் பட்டியலில் சிறு விவசாயிகளுக்கு இடமே இல்லை என்பது எனக்கு வருத்தம். லேபிளின் ஓரத்தில் பொடி எழுத்தில் இரண்டு எழுத்துகள் இருக்கும். என்.எம். என்றால் திராட்சையை வெளியிலும் வாங்கிச் செய்யும் நிறுவனம், ஆர்.எம். என்றால் தன் தோட்டத்துத் திராட்சையில் தானே செய்பவர், சி.எம். என்றால் கூட்டுறவு சங்கம். எம்.ஏ. என்பது யாரோ செய்ததை வாங்கித் தன் பெயரை ஒட்டி விற்பது. ஆர்.எம். என்பதாலேயே எல்லாம் தரமானது ஆகிவிடாது. இருந்தாலும் க்யூயி கிராமத்து பியேர் ஜிமோனேயையும் வெர்த்யூ கிராமத்து லார்மாந்தியே-பெர்னியேயையும் ஒருமுறையாவது குடித்துப் பார்க்க வேண்டும். அந்தச் சுண்ணாம்பு மண்ணில் ஷார்டொனே என்ற வெள்ளைத் திராட்சை எப்படி விளைகிறது என்பது வேறு எங்கும் இவ்வளவு தெளிவாகத் தெரியாது. கூட்டுறவில் மையி கிராமத்துச் சங்கத்தைத் தயங்காமல் நம்பலாம்.

பட்டியலில் திருத்த வேண்டியது ஒன்று உண்டு. எக்ஸ்ட்ரா ட்ரை பாட்டிலைச் சர்க்கரை மிகக் குறைந்தது என்று போட்டிருந்தீர்கள். உண்மையில் அதில் லிட்டருக்கு 12 முதல் 17 கிராம் வரை சர்க்கரை. ப்ரூட்டில் 12-க்குள், எக்ஸ்ட்ரா ப்ரூட்டில் 6-க்குள். இனிப்பே வேண்டாம் என்பவர்கள் ப்ரூட் நேச்சர் கேட்க வேண்டும். அதில் சர்க்கரை சேர்ப்பதில்லை, இயல்பாக இருப்பதும் 3 கிராமுக்குள்தான்.

வெளிச்சத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கப்பல் பாரில் அழகுக்காக விளக்கின் கீழ் அடுக்கிவைத்த பாட்டில்களில் வெந்த முட்டைக்கோஸ் வாடை வரும். அதே சரக்கு அட்டைப் பெட்டிக்குள் இருந்தால் வராது. ஒயினைச் செய்தவர் பல ஆண்டு உழைத்ததை ஒரு குழல்விளக்கு கெடுத்துவிடுகிறது. நிறமில்லாத கண்ணாடி பாட்டிலுக்கு ஆபத்து இன்னும் அதிகம். ரோடரரின் க்றிஸ்டல் பாட்டிலை ஆரஞ்சு நிறத் தாளில் சுற்றித் தருவது இதனால்தான். பலர் அதை அலங்காரம் என்று நினைத்து உடனே உரித்துவிடுகிறார்கள். கடையில் அலமாரி முன்வரிசையை விட்டுவிட்டு, பெட்டியிலிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

பிரான்ஸின் ஷாம்பெயின் பகுதிக்கு வெளியேயும் நல்ல நுரைக்கும் ஒயின் நிறைய இருக்கிறது. அதே நாட்டின் லுவார், அல்சாஸ், லிமூ பகுதிகளில் செய்யும் க்ரெமான் என்ற நுரைக்கும் ஒயின் அதே முறையில், குறைந்தது 9 மாதம் வண்டலோடு இருந்து வருகிறது. வீட்டில் அடிக்கடி திறக்க அதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. இத்தாலியின் ஃப்ரான்சாகோர்த்தா ஒயின் வண்டலோடு 18 மாதம் காத்திருக்கிறது, அதாவது ஷாம்பெயினின் கட்டாயக் காலத்தைவிட அதிகம். ஸ்பெயினில் ரெகாரெதோ, கிராமோனா என்ற இரண்டு நிறுவனத்தாரும் அந்நாட்டு நுரைக்கும் ஒயினுக்குரிய காவா என்ற பெயரையே விட்டு விலகி, கடுமையான விதிகளோடு கார்பின்னாட் என்று 2019-இல் தனி வழி போனார்கள். ரெகாரெதோ ஒரு துளி சர்க்கரைகூடச் சேர்ப்பதில்லை. இங்கிலாந்தின் சசெக்ஸிலிருந்து வரும் நைட்டிம்பர், புளிப்பை விரும்புகிறவர்களுக்கு. இத்தாலியின் ப்ரொசெக்கோவைப் பெரிய தொட்டியில் நொதிக்க வைப்பார்கள், அது வேறு வகை. இளசாக இருக்கும்போதே குடித்துவிட வேண்டும்.

ஆண்டு குறிப்பிட்டது வாங்குவதானால் 2008, 2012 எங்கு கிடைத்தாலும் வாங்கலாம். 2019-ஐ வாங்கி வைத்துக் காத்திருக்கலாம். 2011-ஐ நான் தொடமாட்டேன், பச்சைக் காய்கறி மணம் அடிக்கும் பாட்டில்களே அதிகம். பரிமாறும்போது 8 முதல் 10 டிகிரி போதும். பனிக்கட்டிபோல் குளிர்ந்தால் மணம் எல்லாம் அடங்கிவிடும். குறுகிய நீளக் குவளையை விட சாதாரண வெள்ளை ஒயின் குவளை நல்லது.

அடுத்த முறை பட்டியல் போடும்போது ஒவ்வொரு பெயருக்குக் கீழும் அடிப்படை அறுவடை ஆண்டு, வண்டல் எடுத்த மாதம், லிட்டருக்கு எத்தனை கிராம் சர்க்கரை, செய்தவர் யார் என்று ஒரு வரி சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் போதாவிட்டால் பெயர்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். பத்துக்குப் பதில் ஐந்து போதும்.

இப்படிக்கு,
கப்பலில் ஒயின் பரிமாறி ஓய்வு பெற்ற வாசகர்