ஹேயின்சாவுக்குக் கிளம்பும் நண்பனுக்கு

அன்புள்ள சண்முகம்,

மகளைப் பார்க்கத் தென்கொரியா போவதாக எழுதியிருந்தாய். கயாமலையில் இருக்கும் ஹேயின்சா என்ற பௌத்தக் கோவிலுக்கு ஒரு முழு நாள் ஒதுக்கு. டேகு நகரின் மேற்குப் பேருந்து நிலையத்திலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். இறங்கியபின் கொஞ்ச தூரம் ஏற்றத்தில் நடக்க வேண்டும். திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தை இறங்கியதுமே கேட்டு வைத்துக்கொள். 2023 மே முதல் நுழைவுக் கட்டணம் கிடையாது.

802இல் தொடங்கிய கோவில்தான். ஆனால் பலமுறை எரிந்திருக்கிறது. முன்னால் நிற்கும் பெரிய புத்தர் சன்னதி 19ஆம் நூற்றாண்டில் திரும்பக் கட்டியது. அங்கேயே நின்றுவிடாமல் பின்னால் படியேறு. எந்தத் தீயும் தொடாத 15ஆம் நூற்றாண்டு மரக்கூடங்களில், பௌத்த மறைநூல் தொகுப்பான திரிபிடகத்தின் 81,258 மர அச்சுப்பலகைகள் இருக்கின்றன. மங்கோலியப் படையெடுப்புக் காலத்தில், 13ஆம் நூற்றாண்டில், இருபுறமும் சீன எழுத்தில் இடவலம் மாற்றிச் செதுக்கியவை. பக்கத்துக்கு 23 வரி, வரிக்கு 14 எழுத்து.

ஈரமரத்தில் செதுக்கினால் காயும்போது முறுக்கிக்கொள்ளும், வெடிக்கும். அதனால் மரத்தை உப்புநீரில் வேகவைத்து, நிழலில் உலர்த்திய பிறகே உளியை எடுத்தார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. பலகையின் இரு முனைகளிலும் அதைவிடத் தடித்த கட்டைகளைப் பார். பலகை வளையாமல் பிடிப்பவை அவைதான். அடுக்கி நிறுத்தும்போது எழுத்துகள் உரசாமல் நடுவே காற்றுக்கு வழி விடுபவையும் அவைதான்.

அப்புறம் சன்னல்கள். இதை மட்டும் நிதானமாகப் பார்க்க வேண்டும். முன்சுவரில் கீழ்ச்சன்னல் பெரிது, மேல்சன்னல் சிறிது. பின்சுவரில் அப்படியே தலைகீழ். அதனால் நுழைந்த காற்று நேராக வெளியேறாமல் அலமாரிகளுக்குள் மேலும் கீழும் சுற்றிவிட்டுப் போகிறது. மண்தரைக்கு அடியில் கரி, உப்பு, சுண்ணாம்பு கலந்த அடுக்குகள். மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சி, வறண்ட நாளில் விட்டுக்கொடுக்கும். 1970களில் நவீனக் கட்டடம் ஒன்று கட்டி, சில பலகைகளை அங்கே வைத்துச் சோதித்தார்கள். பலகைகள் கெட ஆரம்பித்ததும் அந்த யோசனையையே விட்டுவிட்டார்கள். எனக்கு இந்தக் கூடத்தின் மேல் இத்தனை மதிப்பு வந்ததே அதனால்தான்.

சாதாரண நாளில் மரச்சட்டங்களின் இடைவெளி வழியாகத்தான் பார்க்க முடியும். உட்புறத்தைப் படம் எடுக்க விடமாட்டார்கள். வார இறுதியில், முன்பதிவு செய்தவர்களைச் சிறு குழுவாக உள்ளே அழைத்துப்போகும் ஏற்பாடு உண்டு. கோவிலின் இணையதளத்தில் இப்போதே இடம் பிடித்து வைக்கும்படி மகளிடம் சொல்.

அன்புடன்,
ராஜாராமன்