சேலத்தில் செயலித் திரை வடிவமைக்கும் தம்பி தங்கைகளுக்கு

அன்புள்ள தம்பி தங்கைகளே,

ஏற்காடு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிரிண்ட் எடுக்க வருகிறவர்களைவிட, போனை நீட்டி "இதுல என்ன போட்டிருக்கு?" என்று கேட்க வருகிறவர்கள்தான் அதிகம். நீங்கள் வரையும் திரையை அவர்கள் எந்த முகத்தோடு பார்க்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

போன மார்கழியில், காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் அக்கா ஒருவர் மூச்சிரைக்க வந்தார். சேலத்தில் படிக்கும் மகனுக்கு ஹாஸ்டல் பணம் 3,000 ரூபாய் அனுப்பியிருக்கிறார். கணக்கில் கழிந்துவிட்டது, மகனுக்குப் போகவில்லை. திரையில் கண்ணீர் விடும் பொம்மை ஒன்று. கீழே "அச்சச்சோ! ஏதோ தவறாகிவிட்டது!" என்ற வரி.

"இந்தப் பொம்மை எதுக்குத் தம்பி அழுவுது? எம் பணம் போயிருச்சா?"

வந்துவிடும் அக்கா என்று சொன்னேன். அவர் என்னைவிடப் பொம்மையைத்தான் நம்பினார். மறுநாள் கூலியை விட்டுவிட்டு, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வங்கிக்குப் போனார். அவர் போய்ச் சேருவதற்குள் பணம் தானாகவே கணக்கில் ஏறியிருந்தது. யுபிஐயில் ஒருவருக்கு அனுப்பும் பணம் கழிந்தும் போய்ச் சேராவிட்டால் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் ஈடு என்று ரிசர்வ் வங்கி 2019-லேயே விதி போட்டிருக்கிறது. "பணம் பத்திரமாக இருக்கிறது, நாளைக்குள் உங்கள் கணக்குக்கே வந்துவிடும்" என்று ஒரு வரி இருந்திருந்தால் அந்த அக்கா அன்று ராத்திரி தூங்கியிருப்பார்.

திரைக்கு முகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1984-ல் வந்த மேக்கின்டாஷ் கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் சிரிக்கும். சூசன் கேர் என்ற வடிவமைப்பாளர் வரைந்தது. எல்லாம் சரி, வேலையைத் தொடங்கலாம் என்று அந்தச் சிரிப்புக்கு ஓர் அர்த்தம் இருந்தது. மைக்ரோசாப்ட் ஆபீஸ் 97 மென்பொருளில் உதவி சொல்ல வந்த காகிதக் கிளிப் பொம்மைக்கும் முகம் உண்டு. ஆனால் அவசரத்தில் இருப்பவரிடமும் வந்து, கடிதம் எழுதுகிறீர்கள் போலிருக்கிறதே என்று புருவத்தைத் தூக்கும். அதுதான் ஜனங்களுக்கு எரிச்சல்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடைக்குப் போய்ப் பாருங்கள். பேத்திக்கு முதல் கொலுசு எடுக்கப் போனால் கடைக்காரர் சிரித்து, டீ சொல்லி, குழந்தையின் காலைக் காட்டச் சொல்வார். கஷ்டத்தில் அதே கொலுசை விற்கப் போனால் குரல் இறங்கிவிடும். எடை போட்டு, தொகையைத் துண்டுக் காகிதத்தில் எழுதி, நம் பக்கம் திருப்பி வைப்பார். யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை, வந்தவரின் முகத்தைப் பார்த்து நடந்துகொள்கிறார்.

திரைக்குக் கண் இல்லை. ஆனால் வரையும் உங்களுக்கு இருக்கிறதே! அப்பாவின் ஆஸ்பத்திரி பில்லைக் கட்டி முடித்த ராத்திரியில் என் போனில் கலர் காகிதங்கள் வெடித்துச் சிதறின. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் பணம் என்று தெரிந்தால் ஒரு பச்சை டிக், தொகை, நேரம் போதும். தெரியாவிட்டாலும் அதுவே போதும்.

அப்புறம், தமிழ் வரிகளை மொழிபெயர்த்து ஒட்டாதீர்கள். உங்கள் அம்மாவிடம் நேரில் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே எழுதுங்கள். எழுதியதை எடுத்துக்கொண்டு ஒரு சந்தை நாள் பார்த்து மலையேறி வாருங்கள். சந்தைக்கு வரும் கூட்டம் மதியம் வரை கடையில் நிற்கும். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
ஏற்காடு ஜெராக்ஸ் கடைக்காரன்