உப்பளத்துக் கசப்பு நீரும் மக்னீசியம் குளோரைடும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டு உப்பு ஜாடி கசிந்தால் நாம் உப்பையே குறை சொல்கிறோம். தூய உப்பான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் ஈரத்தை உறிஞ்சிக் கசியும். அதனுடன் ஒட்டி வரும் மக்னீசியம் குளோரைடுக்கோ 33 சதவீதமே போதும்.

1986 வரை நம் நெல்லை மாவட்டத்தோடு இருந்த தூத்துக்குடியின் உப்பளங்களில், பாத்தி நீர் வற்ற வற்ற முதலில் ஜிப்சமும் பின்னர் உப்பும் படிய, எளிதில் கரையும் மக்னீசியம் குளோரைடு கடைசிவரை நீரிலேயே தங்கி, தொட்டால் விரலில் வழவழக்கும் கசப்பு நீராகிறது. வாரிய உப்பை அம்பாரமாகக் குவித்து வைப்பதால் ஒட்டியிருக்கும் அந்நீர் பெரும்பாலும் வடிந்துவிடுகிறது.

அந்நீரை மேலும் வற்றவைத்தால், ஒவ்வொரு மக்னீசியத்துக்கும் ஆறு நீர் மூலக்கூறுகள் கொண்ட படிகம் கிடைக்கும். அதை வெறும் காற்றில் காய்ச்சினால் நீர் மட்டும் வெளியேறுவதில்லை. ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் கிளம்பி, எஞ்சுவது ஆக்சைடாக மாறத் தொடங்கும். ஆகவேதான் நீரற்ற குளோரைடைப் பெற, ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைச் செலுத்தியபடியே சூடாக்குகிறார்கள். அது 714 டிகிரி செல்சியஸில் உருகும்; உருகியதை மின்னாற்பகுத்தால் மக்னீசியம் உலோகமும் குளோரினும் கிடைக்கும்.

இத்தனை வேதியியலும் நம் கடற்கரையிலேயே நடக்கும்போது, நம் பிள்ளைகள் அதைப் பாடநூல் சமன்பாடாக மட்டும் படிப்பது எனக்குப் பெரும் வருத்தமளிக்கிறது. மேல்நிலைப் பள்ளி மாணவரை ஆண்டுக்கு ஒரு முறையாவது கோடையில் உப்பளத்துக்கு அழைத்துச் செல்லுமாறு கல்வித் துறையைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.