உன் வீட்டுச் சோலைவரி

திருகோணமலை
10.11.2025

அன்பின் மச்சானுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. பதில் பிந்தியதற்கு மழையும் என் முழங்காலும் காரணம். மாரி தொடங்கிவிட்டது. முந்தநாள் இரவு கொட்டிய கொட்டில் கோட்டைப் பக்கத்து மான்கள் நாலைந்து எங்கள் ஒழுங்கைக்குள் ஒதுங்கி நின்றன. ஒன்றின் வாயில் பொலித்தீன் பை. இழுத்து எடுக்கலாம் என்று கிட்டப் போனேன், பையோடு ஓடிவிட்டது.

ரொறன்ரோ பாதீட்டுக் கூட்டத்தில் நீ எழும்பிப் பேசிய கதையை மறுபடியும் எழுதியிருந்தாய். மூன்றாவது தடவை. பரவாயில்லை, நன்றாகத்தான் சொல்கிறாய். 2024இல் 9.5 வீதம், இந்த வருடம் 6.9 வீதம் என்று வீட்டு வரி ஏறியதையும், அந்த வரியை இன்னமும் 2016 ஜனவரி 1ஆம் திகதி விலையை வைத்தே கணக்குப் பார்ப்பதையும் வாசித்தபோது எனக்கும் உசார் வந்துவிட்டது. இங்கேயும் அடுத்த வருடப் பாதீட்டுக்கான காலம்தானே. எங்கள் ஒழுங்கையில் மழைத்தண்ணீர் ஓடும் கானைக் கட்டித் தரும்படி ஒன்றரைப் பக்கத்தில் ஒரு கடிதம் எழுதிக்கொண்டு உள்ளூராட்சி சபைக்குப் போனேன்.

இப்போது போய்க் கேட்கவாவது ஆள் இருக்கிறது. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6இல் தேர்தல் நடக்கும்வரை உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை. கிழக்கு மாகாணசபையின் கதை அதைவிட மோசம். 2017 செப்டெம்பரில் முடிந்தது, முடிந்ததுதான். இந்த வட்டார உறுப்பினரையென்றால் மீன் சந்தையில் மறித்தே கேட்டுவிடலாம். கேட்டும் இருக்கிறேன், பாரைமீனைக் கையில் வைத்துக்கொண்டு.

சரி, சபையில் வரி மேசையில் இருந்த தம்பி கடிதத்தை வாசித்துவிட்டு என்னை இருக்கச் சொன்னான். நல்ல பிள்ளை, பொறுமையாக விளங்கப்படுத்தினான். ஊழியர் சம்பளத்தில் பெரும்பங்கு அரசாங்கத்திடமிருந்து வருகிறது. காணி கைமாறும்போது கட்டும் முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் மாகாணம் வழியாகச் சுற்றிக்கொண்டு வரும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. சபை தன் கையால் அறவிட்டு, தன் விருப்பத்துக்குச் செலவழிக்கக்கூடியது வீடு வளவுக்கு நாங்கள் கட்டும் சோலைவரி, கடை வாடகை, வியாபார உரிமக் கட்டணம் என்று கொஞ்சம்தான். கான் கட்டுவதும் விளக்குப் போடுவதும் அதற்குள்தான். “ஐயா, உங்கட ஒழுங்கை எவ்வளவு கட்டியிருக்குது எண்டு பாப்பமே?” என்று பெரிய பதிவேட்டை விரித்தான்.

எனக்குப் பயமில்லை. ஜனவரி 31க்கு முன் முழு வருடத்தையும் கட்டினால் 10 வீதக் கழிவு என்பதால் தைப்பொங்கல் முடிந்த கையோடு கட்டிவிடுகிறவன் நான். அவன் விரல் என் இலக்கத்தைத் தாண்டி, வாத்தியார் வீட்டைத் தாண்டிக் கீழே போய் ஒரு இடத்தில் நின்றது. பக்கம் முழுக்கச் சிவப்பு மையில் நிலுவை. வீட்டு இலக்கத்தைப் பார்த்தேன்.

மச்சான், அது உன்னுடைய வீடு.

அம்மா போன பிறகு ஒரு சதம் கட்டப்படவில்லை. ஒன்பது வருடம்! பதிவேட்டில் இன்னமும் அவவின் பெயர்தான். தொகையை இங்கே எழுதவில்லை, உன் மனைவி வாசித்தால் சிரிப்பா. காலாண்டுக்கு வருவது ஒரு கொத்துரொட்டிக் காசுகூட இல்லை. அந்தத் தம்பி “ஆரையா இவர், தெரியுமோ?” என்று கேட்டான். கனடாவில் பாதீட்டுக் கூட்டங்களில் பேசுகிறவர் என்று சொல்ல வாய் வரவில்லை. தெரியும் என்று மட்டும் சொன்னேன்.

உன்னை மட்டும் குற்றம் சொல்லி முடியாது. கான் அடைபடுவதற்குப் பாதிக் காரணம் வீட்டுக்கு வீடு அதற்கு மேல் போட்டிருக்கும் சிலாப்புகள். ஸ்கூட்டர் ஏற்ற நான் போட்டதும் அதில் ஒன்று. கடிதத்தில் அதை எழுதாமல் விட்டிருந்தேன், பிறகு பேனை வாங்கி ஓரத்தில் சேர்த்துவிட்டேன்.

இன்னொன்றும் சேர்த்தேன். சோலைவரிக்காக வீடுகளுக்குப் போட்டிருக்கும் மதிப்பைத் திருத்தத்தான் வேண்டும், என் வரி ஏறினாலும் சரி. ஆனால் அந்த மதிப்பு, ஆண்டுப் பெறுமதி என்பது, அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு என்ன வரும் என்ற கணக்கு. கடற்கரையில் வெள்ளைக்காரருக்கு அறை விடுகிறவருக்கு அது கையில் வரும் காசு. வாத்தியாரின் மனுசி பாதி ஓய்வூதியத்தில், ஐந்து அறை வீட்டில், ஒரே ஒரு அறையில் படுத்து எழும்புகிறா. வாடகை வராத வாடகைக்கு அவ எங்கே போவா? அதற்கு ஒரு வழி வைத்துவிட்டு ஏற்றுங்கள் என்று எழுதினேன். தம்பி முத்திரை குத்தி ஒரு பிரதி தந்தான். பாதீட்டில் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று தகவல் அறியும் சட்டத்தில் கேட்பேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், இலக்கம் எனக்குப் பாடம்.

உன் நிலுவையை நானே கட்டிவிட்டேன். பற்றுச்சீட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். காசை மெதுவாக அனுப்பு. ஆனால் பெயர் மாற்றுவதற்கு உறுதியின் பிரதி வேண்டும், அது உன் தம்பியிடமா, லண்டன் அக்காவிடமா?

அப்புறம், வீட்டை ஒருக்கால் திறந்து பார்ப்போம் என்று போனேன். ஜாம் மரம் மதிலுக்கு மேலால் தெருவுக்கு வந்துவிட்டது, பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பிள்ளைகள்தான் பழம் பொறுக்குகிறார்கள். கேற் பூட்டில் திறப்புப் போகவே இல்லை, அவ்வளவு துரு. அறுக்கட்டா என்று கேட்டு எழுதுகிறேன். உடனே பதில் போடு.

உன் பழைய வாங்குத் தோழன்