சேர்க்கைக் கடிதத்துக்குப் பின் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க நகரங்களில் ஏழைப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புவதையே நோக்கமாகக் கொண்டு நடக்கும் சார்ட்டர் உயர்நிலைப் பள்ளிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. சிகாகோவில் வசிக்கிறேன், இங்குள்ள பொது நூலகம் ஒன்றில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் கல்லூரி நிதியுதவிக்கு விண்ணப்பிக்க உதவி வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "நூறு விழுக்காடு கல்லூரிச் சேர்க்கை" என்ற அறிவிப்போடு கட்டுரை நின்றுவிட்டது. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள் என்று அது கேட்கவே இல்லை.

சார்ட்டர் பள்ளி அரசுப் பணத்தில் இயங்குவது. ஆனால் அதை நிர்வகிப்பது ஒரு தனி நிர்வாகக் குழு. கட்டணமோ நுழைவுத் தேர்வோ பொதுவாகக் கிடையாது. இருக்கும் இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகுந்தால் குலுக்கல் நடத்துவார்கள். 1991-இல் மினசோட்டா மாநிலம் இதற்கான முதல் சட்டத்தை இயற்றியது. எங்கள் இல்லினாய் 1996-இல் இயற்றியது. குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் போட்டு, கொடுத்த வாக்கைப் பள்ளி காப்பாற்றினால் மட்டுமே புதுப்பிப்பது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி.

சிகாகோவின் தென்பகுதியில், வறுமையும் வன்முறையும் மிகுந்த எங்கல்வுட்டில், 2006-இல் திறக்கப்பட்ட அர்பன் பிரெப் என்ற சார்ட்டர் பள்ளியைக் கல்லூரிச் சேர்க்கைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமேயான அப்பள்ளியில் படித்தவர்கள் அநேகமாக அனைவரும் கறுப்பின மாணவர்கள். அதே 2006-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வுக்குழு ஒன்று, இந்நகரப் பொதுப்பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பில் நுழையும் நூறு பேரில் ஏறக்குறைய ஆறு பேரே இருபதுகளின் நடுப்பகுதிக்குள் நான்காண்டுப் பட்டம் பெறுவார்கள் என்று கணக்கிட்டிருந்தது. அப்படிப்பட்ட ஊரில் 2010-இல் அப்பள்ளியில் முதன்முதலாகப் படித்து முடித்த 107 பேரும் நான்காண்டுக் கல்லூரிகளில் இடம்பெற்றபோது நாடே திரும்பிப் பார்த்தது. கறுப்புக் கோட்டும் சிவப்புக் கழுத்துப்பட்டையும் அங்கே சீருடை. கல்லூரியில் இடம் கிடைத்த மாணவன் சிவப்புப் பட்டையைக் கழற்றிவிட்டுப் பொன்னிறக் கோடுகள் போட்ட பட்டையை அணிவான். பதினேழு வயதுப் பையனுக்கு அந்தக் கோடு எவ்வளவு பெரிய மரியாதை என்பதை நான் அறிவேன். அதைச் சிறுமைப்படுத்த எனக்கு மனம் வராது. நிதியும் நிர்வாகமும் குறித்த புகார்களை முன்னிட்டு அதன் ஒப்பந்தத்தை ரத்து செய்ய 2022-இல் நகரக் கல்வி வாரியம் வாக்களித்தது வேறு கதை. அந்தப் பிள்ளைகளின் உழைப்பை அது குறைத்துவிடாது.

ஆனால் பட்டை மாறிய பிறகு என்ன நடக்கிறது? இதைத் தாமே முன்வந்து கேட்டவர்கள், 1994-இல் ஹூஸ்டனில் தொடங்கிய கிப் (KIPP) என்ற சார்ட்டர் பள்ளிக் குழுமத்தினர். தங்கள் நடுநிலைப் பள்ளியை முடித்துப் பத்தாண்டுகளுக்கு மேலான முன்னாள் மாணவர்களைத் தேடிக் கணக்கெடுத்து, அவர்களில் 33 விழுக்காட்டினரே நான்காண்டுப் பட்டம் பெற்றிருக்கிறார்கள் என்று 2011-இல் வெளியிட்டார்கள். நாட்டின் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் அது பல மடங்கு அதிகம். அவர்கள் குறிவைத்ததோ 75 விழுக்காடு. தங்களுக்குச் சாதகமில்லாத எண்ணை மறைக்காமல் அச்சிட்டதால்தான், கல்லூரிக்குப் போன பிள்ளைகளைத் தொடர்ந்து கவனிக்கும் ஏற்பாட்டை அவர்களால் வலுப்படுத்த முடிந்தது. கல்வித் துறையில் நான் கண்ட நேர்மையான செயல்களுள் இதை முதன்மையாக வைப்பேன்.

படிப்பு நின்றுபோவதற்கு அறிவுக் குறைவைவிடப் பணமே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது. நூலகத்துக்கு ஒரு மாணவி கல்லூரியின் உதவிக் கடிதத்தை எடுத்துவந்தாள். மானியம், கடன், வளாகத்தில் வேலை செய்து ஈட்ட வேண்டிய கூலி எல்லாம் ஒரே பட்டியலில் "உதவி" என்று கூட்டப்பட்டிருந்தன. கூட்டுத்தொகை முழுவதும் இலவசம் என்று அவளும் அவள் தாயும் நம்பியிருந்தார்கள். ஏழை மாணவர்களுக்கான கூட்டரசின் பெல் மானியம் 2024-25 கல்வியாண்டில் அதிகபட்சம் 7,395 டாலர். பெற்றோரைச் சார்ந்த முதலாண்டு மாணவர் கூட்டரசிடம் நேரடியாகப் பெறக்கூடிய கடன் 5,500 டாலர். விடுதியும் உணவும் சேர்த்தால் செலவு இவ்விரண்டையும் எளிதில் தாண்டிவிடும். ஒவ்வொரு வரியிலும் பென்சிலை வைத்து எது மானியம், எது கடன் என்று பிரித்துக் காட்டியபோது அந்தத் தாய் பேச்சற்றுப்போனார். இந்தப் பள்ளத்தைக் கடந்து சேர்ந்தாலும், சில நூறு டாலர் பாக்கிக்காக அடுத்த பருவத்துக்குப் பதிவு செய்ய முடியாமல் வீடு திரும்பும் பிள்ளைகள் உண்டு. பள்ளியில் தினமும் பார்த்த ஆலோசகர் அப்போது பக்கத்தில் இருப்பதில்லை.

இன்னொரு காரணம் கண்டிப்பு. இவ்வகைப் பள்ளிகள் பலவற்றில் நடக்கும் வரிசையிலிருந்து உட்காரும் விதம் வரை விதி இருந்தது. மணிக்கு மணி பிறர் சொல்லி நடந்த பிள்ளை, யாரும் எழுப்பாத விடுதி அறையில் தன் நாளைத் தானே வகுக்கத் தடுமாறுவது இயல்புதானே? சில குழுமங்கள் இப்போது அவ்விதிகளைத் தளர்த்தி வருவது நல்ல மாற்றம்.

இப்பள்ளிகளால் பயனில்லை என்பது என் வாதமன்று. பாஸ்டன் நகரில் குலுக்கலில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டுப் பொருளியலாளர் ஜோஷுவா ஆங்கிரிஸ்ட் முதலியோர் செய்த ஆய்வில், சார்ட்டர் உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் எஸ்.ஏ.டி. என்ற கல்லூரிச் சேர்க்கைத் தேர்வு மதிப்பெண் உயர்ந்ததும், ஈராண்டுக் கல்லூரிகளை விட்டு நான்காண்டுக் கல்லூரிகளில் சேர்வோர் கூடியதும் தெரியவந்தன. இவ்வளவு செய்ய முடிந்த பள்ளிகளிடம் இன்னும் சற்றுக் கேட்பதில் தவறில்லை. கல்லூரியில் நடப்பதற்குப் பள்ளியைப் பொறுப்பாக்குவது நியாயமா என்று சிலர் கேட்பார்கள். வேறெந்தப் பள்ளிக்கும் அது பொருந்தாமல் போகலாம். கல்லூரிக்கு ஆயத்தம் செய்வதாகச் சொல்லியே அனுமதி பெற்ற பள்ளிக்குப் பொருந்தும்.

எனவே, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது சேர்க்கை எண்ணோடு, பள்ளியை முடித்த ஆறாண்டுகளில் பட்டம் பெற்றோர் எண்ணையும் வாரியங்கள் கேட்டு வாங்க வேண்டும். முன்னாள் மாணவர்களைக் கல்லூரியின் முதல் ஈராண்டுகளிலாவது தொடர்ந்து கவனிக்கும் ஆலோசகருக்கான சம்பளத்தை அரசே பள்ளிக்குத் தர வேண்டும். இங்கு வாழும் தமிழ்ப் பெற்றோர் இத்தகைய பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போதோ அதற்கு நன்கொடை அளிக்கும்போதோ இந்த எண்ணை எழுத்து மூலம் கேளுங்கள். தாங்களும் அடுத்த முறை இப்பள்ளிகளைப் பற்றி எழுதும்போது அதைக் கேட்டு வெளியிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகி,
சிகாகோ